வெந்நீர் ஊற்றும் வெண்பனியும்

சிங்கப்பூர்த் தீவின் வடபால் உள்ள ஈசூன் நகரை அடுத்து, நிலத்திலிருந்து வெந்நீர் பொங்கி வரும் ஊற்று ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் நகராட்சி ஊழியர் ஒருவர் அதனைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் வெளிவரும் அந்நீரைப் பின்னர் ஃபிரேசர் அன் நீவ் நிறுவனம் புட்டிகளில் அடைத்து விற்றது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே வெந்நீர்க் குளிப்பிடம் அமைந்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் அவ்விடம் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கு வரும் குடும்பத்தார் அந்நீரை வாளியில் ஏந்தி முட்டை அவித்து உண்டு மகிழ்வர்.

அதே ஈசூனில், கடற்படைத் தளத்தில் உழைத்த தமிழர்களின் வழிபாட்டிலிருந்து தோன்றி வளர்ந்த ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. அங்குப் பங்குனி உத்திரம் பெருவிழா. தமிழ்க் கணக்கின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாகும். ஆனால் அந்நாளில் வெறுங்காலுடன் காவடி எடுத்து நடப்போர்க்குத் தார்ச்சாலையின் சூடே பெருஞ்சோதனை. நூலில் பனிக்காலம், காலடியிலோ நெருப்பு. இத்தீவின் வெப்பநிலை 19 பாகைக்குக் கீழே இறங்கியதாகப் பதிவேட்டில் இல்லை. அந்த 19 பாகையும் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள் நேர்ந்த அருமை.

இத்தகைய ஊரில் வளரும் பிள்ளையும் பனிப்பொம்மையை நன்கு அறியும். கதை நூலில் அதனைக் காண்கிறது. திசம்பர் மாதத்தில் கடைத்தொகுதிகளின் வாயிலில் பஞ்சாலும் சோப்பு நுரையாலும் செய்த போலிப் பனியைக் காண்கிறது. படம் வரையச் சொன்னால் இரண்டு வட்டம் போட்டு, மூக்கு இருக்குமிடத்தில் முள்ளங்கி ஒன்றை நட்டுவிடுகிறது. கண்ணால் அறிந்தது இது. கையால் அறிவது வேறு. வெண்பனி கையிலும் காலிலும் என்ன செய்யும் என்பதை இப்பிள்ளைக்குச் சொல்ல வீட்டில் பாட்டியிடம் பழமொழி ஏதும் இல்லை. இந்நாட்டிற்குக் குளிர்ச்சி யாங்ஙனம் வந்தது என்னும் வரலாற்றை அறிந்தால்தான் அக்குறை எங்கே நேர்ந்தது என்பது விளங்கும்.

சொல்லிலிருந்து தொடங்குவது தகும். தொல்காப்பியம் பெரும்பொழுதுகளை ஆறாக வகுத்து, அவற்றுள் முன்பனி, பின்பனி என இரண்டைக் கூறுகின்றது. அங்கே பனி என்பது புல் நுனியில் திரளும் நீர்த்துளி. விடியலில் வயலை மூடும் மூடாப்பு. அதனால் உண்டாகும் குளிர். வானிலிருந்து இறகுபோல் இறங்கி நிலத்தில் முழங்கால் அளவு குவியும் வெண்பொருளைக் குறிக்கத் தமிழ் நிலத்தார்க்குத் தனிச்சொல் வேண்டியிருக்கவில்லை. இமயத்தைத் தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர்; சேரன் செங்குட்டுவன் அங்கிருந்து கல் கொணர்ந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். எனினும் சேரநாட்டு உழவனின் அன்றாட வாழ்வில் அம்மலையின் வெண்மைக்கு இடமில்லை.

இதனை மொழியின் வறுமை என்று எவரும் கருத வேண்டா. கண்ட பொருளுக்குத் தமிழர் பெயரிடத் தவறியதில்லை. வானிலிருந்து விழும் உறைந்த நீரைக் கண்டனர்; ஆலி என்றனர்; ஆலங்கட்டி என்றனர். சங்கப் பாடல்களிலேயே அச்சொல் உண்டு. 2013ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இடிமழையோடு பனிக்கட்டித் துண்டுகள் விழுந்தபோது மக்கள் வியந்து படம் எடுத்தனர். தமிழ் வகுப்பில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு சொல்லை உயிரோடு காட்ட அதனினும் நல்ல வாய்ப்பு வருமா? மலாய் மொழியினர் உறைந்த நீரை ‘ஆயர் பத்து’ என்பர். நீர்க்கல் என்பது அதன் பொருள். வெப்பநாட்டு மக்கள் புதுப்பொருளைக் கண்டதும் பெயரிட்ட திறனுக்கு அஃது ஓர் அழகிய சான்று.

பனிப்பொம்மைக்கு வருவோம். அதனைப் ‘பனிமனிதன்’ என்று எழுதுவோரே பலர். அச்சொல் தமிழ்ச் சிறுவர்க்கு வேறொன்றையும் நினைவூட்டும். இமயத்தில் உலவுவதாகக் கூறப்படும் எட்டி என்னும் உருவத்தையும் அவ்வாறே அழைக்கிறோம். எழுத்தாளர் ஜெயமோகன் சிறுவர்க்கு எழுதிய ‘பனிமனிதன்’ புதினம் அதனைப் பற்றியதே. ஒன்று மலையில் உலவுவதாகக் கதை. மற்றொன்று முற்றத்தில் கையால் பிடித்து வைப்பது. பிள்ளையார் பிடிக்கும் கைக்குப் பொம்மை என்னும் சொல்லே பொருந்தும். ஆதலின் இக்கட்டுரை பனிப்பொம்மை என்றே கொள்கிறது.

இனி, உறைந்த நீர் தென்னாட்டவர் கைக்கு வந்த வரலாறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சார்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்னும் வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளின் மேல் உறையும் கட்டியை அறுத்து வெப்ப நாடுகளில் விற்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். தொடக்கத்தில் ஊரார் நகைத்தனர். கடன்பட்டுச் சிறைக்கும் சென்றார். ஆயினும் குதிரை பூட்டிய கலப்பை போன்ற கருவியால் ஏரியைக் கட்டம் கட்டமாக அறுக்கும் முறையை நத்தானியேல் வைத் என்பவர் வகுத்துக் கொடுத்த பின் தொழில் செழித்தது. 1833ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தது. வழியில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் எஞ்சியது. அதனைக் காத்தது யாது? மரத்தூள். மர அறுவைக் களங்களில் வேண்டாப் பொருளாகக் குவிந்து கிடந்த தூளே அக்கட்டிகளுக்குப் போர்வையாயிற்று. போர்வை வெப்பத்தைத் தருவதில்லை. உள்ளிருப்பதை உள்ளேயும் வெளியிருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது. பனியில் விளையாடும் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்னும் வினாவிற்கும் விடை இதுவே.

சென்னையில் கடற்கரையை ஒட்டி 1842ஆம் ஆண்டில் டியூடரின் கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என இன்றும் மக்கள் வழங்கும் கட்டடம் அதுவே. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் நிற்கும்; கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று சரக்கைக் கரை சேர்க்கும். பாஸ்டன் ஏரியின் கட்டிகளும் அவ்வழியன்றி வேறு வழியில் வந்திருக்க இயலாது. எனவே உறைந்த நீரின் தண்மையை முதலில் உணர்ந்த தமிழ்க் கை துரைமார் விருந்தில் கிண்ணம் ஏந்திய கையன்று. படகோட்டியின் கையும் சுமையாளின் தோளும்தான். அவர்தம் பெயரை எழுதி வைத்தார் எவருமிலர். செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் அவ்வாணிகம் மறைந்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் கைக்கு மாறியது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் விவேகானந்தர் அங்குத் தங்கினார். பின்னர்ச் சகோதரி சுப்புலட்சுமியின் கைம்பெண் மாணவியர்க்கும், அதன்பின் ஆசிரியப் பயிற்சி பெற்ற மகளிர்க்கும் அது விடுதியாயிற்று. பனிக்கட்டி காத்த சுவர்கள் கல்வியைக் காத்தன என்பது ஆசிரிய உலகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

சிங்கப்பூரில் இம்முயற்சியை மேற்கொண்டவர் ஹூ ஆ கே என்னும் சீன வணிகர். பிறந்த ஊரின் பெயரால் வாம்போ என்றே எல்லாரும் அழைத்தனர். அவருடைய மாளிகையும் புகழ்பெற்ற தோட்டமும் இருந்தது சிராங்கூன் சாலைப் பக்கத்தில். தமிழர் பூக்கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் அதே நெடுஞ்சாலையில். 1854ஆம் ஆண்டில் கில்பர்ட் ஆங்கஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றை எழுப்பினார். அமெரிக்காவிலிருந்து கட்டி வந்தது. வாங்கக்கூடிய ஐரோப்பியக் குடும்பங்களோ சில. நாள்தோறும் விற்றாலன்றி உருகி ஓடும் சரக்கைச் சிலரை நம்பி வாணிகம் செய்வது அரிது. சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. கிடங்குக் கட்டடம் மட்டும் நெடுங்காலம் நின்று, 1981ஆம் ஆண்டில் சாலை விரிவுக்காக இடிக்கப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் ‘வால்டன்’ நூல் வெளிவந்ததும் அதே 1854ஆம் ஆண்டில்தான். தம் குடிலருகே இருந்த ஏரியின் கட்டி சென்னைக்கும் கல்கத்தாவிற்கும் செல்வதை எண்ணி அந்நூலில் அவர் வியக்கிறார்.

கப்பல் கட்டிக்குப் பின் ஆலைக் கட்டி வந்தது. 1861ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் பனிக்கட்டி ஆலை தொடங்கியது. 1903ஆம் ஆண்டில் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் தோன்றி, ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த இறைச்சியைக் கொணர்ந்தது. செல்வர் மேசையிலிருந்த குளிர்ச்சி மெல்ல மெல்லத் தெருவிற்கு இறங்கியது. இன்றைய ஈசூன் அப்போது நகரன்று. ரப்பர், அன்னாசி வேளாண்மையில் பொருளீட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயர் தாங்கிய சிற்றூரும் தோட்டங்களுமே அங்கிருந்தன. அவர் பெயரின் மாண்டரின் ஒலிப்பே பின்னாளில் ஈசூன் ஆயிற்று. அவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பால் வெட்டினர்; கடற்படைத் தளத்தில் பலர் வேலை பார்த்தனர். குளிர்ப்பெட்டி இல்லாத அக்கம்பத்து வாழ்க்கையில் பனிக்கட்டி என்பது சாக்கில் சுற்றி மரத்தூள் தூவி வந்த பெரும்பாளம். கடைக்காரர் வாளால் அறுத்துக் கொடுப்பார். பாஸ்டன் ஏரிக்கரையில் இட்ட மரத்தூள் இங்கேயும் தொடர்ந்தது.

அப்பாளத்திலிருந்து பிறந்ததுதான் ஐஸ் உருண்டை. 1950களிலும் 1960களிலும் சிங்கப்பூரில் பள்ளி சென்றோர் எவரும் அதனை மறந்திருக்க மாட்டார். தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரு பலகை, நடுவே அலகு. அதன்மேல் கட்டியை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் அடியில் ஏந்திய கையில் வெண்துகள் உதிர்ந்து குவியும். கடைக்காரர் அதனை இரு கைகளாலும் அழுத்தி, நடுவில் சிறிது வேகவைத்த சிவப்புப் பயறோ வேறெதுவோ வைத்து, மேலும் துகள் சேர்த்து உருட்டுவார். சிவப்பும் பச்சையுமாக இனிப்புப் பாகை ஊற்றி, காசு கூடக் கொடுத்தவர்க்குப் பாலும் சிறிது தெளித்து நீட்டுவார். சீனரும் விற்றனர், சர்பத்துக் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் விற்றனர். தாள் இல்லை, கிண்ணம் இல்லை. வெறுங்கையில் வாங்கி, விரல் மரத்துப்போகும்முன் இக்கைக்கும் அக்கைக்கும் மாற்றி மாற்றி, பாகு முழங்கை வரை வழிய, உறிஞ்சிக்கொண்டே வீடு வந்து சேர்வர். உறிஞ்சி உறிஞ்சி நிறம் வெளுத்த உருண்டையைத் தோழன் முதுகில் வீசிய பிள்ளையும் உண்டு. நிலநடுக்கோட்டு நாட்டின் பனிப்பந்து விளையாட்டு அது.

அவ்வுருண்டை ஏன் சிதறாமல் நின்றது? பனிப்பொம்மை நிற்பதற்கும் காரணம் அதுவே. உருகுநிலைக்கு அருகிலுள்ள துகள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அழுத்தும்போது துகள்கள் நெருங்கித் தொடுகின்றன. தொட்ட இடங்களில் நீர் மீண்டும் உறைந்து பாலம்போல் பிணைக்கிறது. மிகுந்த குளிரில் விழும் பனி உலர்ந்த மாவு போன்றது; எவ்வளவு பிடித்தாலும் உதிரும். மிகவும் உருகிய பனியோ சேறு. ஏறத்தாழ சுழியப் பாகையில் உள்ள ஈரப்பனியே பொம்மைக்கு ஏற்றது. கொழுக்கட்டை மாவில் வெந்நீர் குறைந்தாலும் கூடினாலும் என்ன நேரும் என்பதை அறிந்த வீட்டில் இதனை விளக்கச் சொல் மிகுதி வேண்டாம். முதலில் கையளவு உருண்டை. அதனைத் தரையில் உருட்டினால் வழியிலுள்ள பனி ஒட்டிக்கொண்டு பெருக்கும். பெரியது அடியில், சிறியது மேலே. இரண்டும் சேருமிடத்தில் பனியை இட்டு நிரப்பாவிடில் தலை உருண்டு விழும். பெரிய உருண்டையின் எடையைப் பிள்ளைகள் குறைத்தே மதிப்பிடுவர். ஆதலின் மேலே தூக்கி வைக்கும் வேலை பெரியவர்க்குரியது.

பனிப்பொம்மையின் வரலாறும் பழையது. 1380ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஐரோப்பிய வழிபாட்டு நூல் ஒன்றின் ஓரத்தில் அதன் படம் உள்ளது. அந்நூல் நெதர்லாந்தின் ஹேக் நகர் நூலகத்தில் இருக்கிறது. 1494ஆம் ஆண்டு சனவரியில் பிளாரன்சு நகரில் பெரும்பனி பெய்தபோது, ஆட்சியாளர் பியெரோ மெடிச்சியின் விருப்பப்படி இளைஞர் மைக்கலாஞ்சலோ மாளிகை முற்றத்தில் பனிச்சிலை ஒன்று செய்தார் என்பர். உலகம் போற்றும் சிற்பியின் அப்படைப்பு சில நாளில் வாய்க்காலில் ஓடிவிட்டது.

எனினும் தமிழ் மாணவர்க்கு இவற்றினும் நெருக்கமான செய்தி சப்பானில் உள்ளது. சப்பானியர் பனிப்பொம்மையை ‘யுகி தருமா’ என்பர். யுகி என்றால் வெண்பனி. தருமா என்பவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்று தியான நெறியைப் பரப்பியவராகக் கருதப்படும் போதி தருமர்தாம். அவரைக் காஞ்சிப் பல்லவ மரபினர் எனக் கூறும் வழக்கும் உண்டு. குகைச் சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்ததால் அவர் கைகால்கள் செயலற்றன என்பது கதை. அதனால் சப்பானியரின் தருமா பொம்மைக்குக் கையுமில்லை, காலுமில்லை, உருண்டை வடிவம். பனியிலும் அவர்கள் அவ்வாறே இரண்டு உருண்டைகளை வைக்கின்றனர். மேலை நாட்டார் மூன்று வைப்பது வழக்கம். அத்தருமரிடம் பாடம் கேட்க வந்த ஹுய்கே என்னும் மாணவர் இரவெல்லாம் கொட்டும் பனியில் குகை வாயிலில் நின்றார் என்றும், தம் உறுதியைக் காட்டக் கையையே வெட்டி அளித்தார் என்றும் மரபு கூறும். அக்காட்சியைச் செஷ்ஷு என்னும் சப்பானிய ஓவியர் 1496ஆம் ஆண்டில் தீட்டினார். காஞ்சி வெயிலில் வளர்ந்தவர் என நாம் கருதும் ஒருவரின் பெயரைப் பனிப்பொம்மை சுமக்கிறது! ஈசூன் பிள்ளை வரையும் இரண்டு வட்டத்திற்கு இத்தனை நீண்ட வழி உண்டு என்பதை வகுப்பில் கூறினால், மொழி வகுப்பும் வரலாற்று வகுப்பும் ஒன்றாகிவிடும்.

இனி வெண்பனியே இத்தீவிற்கு வந்த கதை. 1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா என்னும் இயற்பியலறிஞர் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகப் பனித்துகளின் படிகத்தைச் செயற்கையாக வளர்த்தார். முயல்மயிர் ஒன்றின் நுனியில் அது மலர்ந்தது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்கர் சிலர் அழுத்திய காற்றோடு நீரைத் தூவிப் பனியாக்கும் பொறியை அமைத்தனர். அதன்பின் குளிரூட்டிய கூடம் ஒன்று இருந்தால் எந்நாட்டிலும் பனி விழும் என்றாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஜூரோங் ஈஸ்டில் அறிவியல் நிலையத்தை அடுத்து ‘ஸ்னோ சிட்டி’ திறக்கப்பட்டது. சுழியத்திற்குக் கீழ் 5 பாகை அளவில் வைக்கப்பட்ட கூடம். மூன்று மாடி உயரத்திலிருந்து மிதவை வளையத்தில் அமர்ந்து சறுக்கி வரும் சரிவு. ஈசூனுக்கும் அவ்விடத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1988ஆம் ஆண்டு திசம்பரில் பெருவிரைவு ரயில் ஈசூன் வரை வந்து நின்றது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் உட்லண்ட்ஸ் வழியே பாதை நீண்டு ஜூரோங் ஈஸ்டுடன் இணைந்தது. அதனால் வெந்நீர் ஊற்றருகே ஏறும் பிள்ளை, வண்டி மாறாமல் பனிக்கூடத்தின் அருகே இறங்கலாயிற்று.

ஏறி இறங்குவது எளிது. கூடத்தினுள் ஒரு மணி நேரம் இருந்து வரும் பிள்ளைக்குப் பெருந்தீங்கு ஏதும் நேர்வதில்லை, மேலங்கியும் காலணியும் அங்கேயே கிடைக்கும், காவலர் உடனிருப்பர். ஆனால் இக்காலத்துச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டிறுதி விடுமுறையில் ஹொக்கைடோவிற்கும் கொரியாவிற்கும் செல்கின்றன. மாணவர் குளிர்நாடுகளில் உயர்கல்வி பயில்கின்றனர். 1983க்குப் பின் கனடாவில் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகளுக்கோ ஆண்டில் பல திங்கள் பனியே முற்றம். அங்கே காவலர் இல்லை.

பனியின் கொடுமை எத்தகையது என்பதைத் தமிழகம் 2016ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனிமலையில், 19,600 அடி உயரத்தில், மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாளுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்ட கருநாடக வீரர் அனுமந்தப்பாவும் பிழைக்கவில்லை. இறகுபோல் விழுவது குவிந்தபின் பாறையாகும். பிள்ளைகள் சாலையோரக் குவியலைக் குடைந்து குகை அமைத்து விளையாடுவதைக் குளிர்நாட்டார் ஏன் அஞ்சுகின்றனர் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. குகை இடிந்தால் குரல்கூட வெளியே கேளாது. பனி அகற்றும் வண்டி ஓட்டுபவர்க்கோ உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது.

உறைபனியால் விரல் கெடுவதைப் பற்றிய மருத்துவ வரலாறும் அறியத்தக்கது. 1812ஆம் ஆண்டு நெப்போலியன் உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது, அவருடைய படை மருத்துவர் லாரே ஒன்றைக் கண்டார். உறைந்த கைகால்களை நெருப்பருகே நீட்டிய வீரர் அவற்றை இழந்தனர். ஆதலின் நெருப்பு ஆகாது, உறைந்த உறுப்பைப் பனியாலேயே தேய்க்க வேண்டும் என்று விதித்தார். கண்டது உண்மை; முடிவு தவறு. மரத்துப்போன உறுப்பு நெருப்பின் சூட்டை உணராது வெந்தது; தேய்த்தலோ நொந்த தசையை மேலும் சிதைத்தது. ஆயினும் பெருமருத்துவர் சொல் என்பதால் நூறாண்டுக்கு மேல் அம்முறை நின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் ஏறத்தாழ 37 முதல் 39 பாகை வரையுள்ள வெந்நீரில் விரைந்து சூடேற்றும் முறை நிலைபெற்றது. தேய்த்தல் கூடாது, நெருப்பும் கூடாது, மீண்டும் உறையக்கூடிய இடத்தில் சூடேற்றவும் கூடாது. மருத்துவரிடம் செல்வதே முதல்வேலை. அடிபட்டால் தேய்த்துவிடும் பழக்கமுள்ள தமிழ் இல்லங்களுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது.

அதுபோலவே பருத்தி ஆடையும். வெப்பநாட்டில் அதனினும் நல்ல துணி இல்லை. பனியிலோ நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக் குளிரவைக்கும். கம்பளியை அடுக்கடுக்காக உடுத்து, நீர் புகாத மேலாடை ஒன்றைப் போர்த்த வேண்டும். அடுக்குகளிடையே நிற்கும் காற்று, டியூடரின் மரத்தூள் செய்த வேலையையே செய்கிறது. கையுறை நனைந்தால் மாற்ற வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு இணை கொண்டு செல்வது அறிவுடைமை. இடைவிடாது நடுங்கிய பிள்ளை நடுக்கம் நின்று சோர்ந்து, பேச்சுத் தடுமாறினால், விளையாட்டு அலுத்துவிட்டது என்று எண்ணலாகாது. உடலின் உள்வெப்பம் இறங்கிவிட்டது என்பதற்கு அஃது அறிகுறி. பனிப்பந்து வீசுவோர் உள்ளே கட்டியோ கல்லோ வைத்தல் ஆகாது. முகத்தை நோக்கி வீசுதலும் ஆகாது. ஐஸ் உருண்டை தின்ற தலைமுறைக்குப் பனியை வாயில் இடும் ஆசை எழும். தெருப்பனியில் புழுதியும் உப்பும் வண்டிப் புகையும் கலந்திருக்கும். சிங்கப்பூரில் தெருவோர வணிகர் அனைவரும் 1986ஆம் ஆண்டிற்குள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். வெறுங்கையால் உருட்டிய உருண்டையும் அக்காலத்தோடு அருகிவிட்டது. தூய்மையை நோக்க அது நன்றே. ஆனால் குளிர்ந்த துகளை எவ்வளவு அழுத்தினால் பிடிக்கும், எவ்வளவு நேரத்தில் விரல் மரக்கும் என்று ஒரு தலைமுறையின் கைகள் அறிந்திருந்த அறிவும் அதனுடன் சென்றது. தட்டில் மலைபோல் குவித்து வரும் ஐஸ் கச்சாங்கைக் கரண்டியால் உண்ணும் பிள்ளைக்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை. கோடைவெயிலும் மரத்தடியும் அறிந்த மூத்தோர், மரத்த விரலைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறியனுப்ப இயலும். அவர்களும் ஒருகாலத்தில் உருண்டையை இக்கைக்கும் அக்கைக்கும் மாற்றியவர்களே.

பனிக்கூடத்திலிருந்து வெளியே வரும் பிள்ளை கண்ணாடி அணிந்திருந்தால், கதவைக் கடந்த அளவிலே அதன் இரு வில்லைகளும் வெளுத்து மூடிக்கொள்ளும். சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிகிறது. பிள்ளை அதனைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கும். தொல்காப்பியர் பனி என்றது அந்தத் துளியைத்தான்.